கடல் கடந்த வழக்கும் கரையில் நின்ற பெண்ணும்: ப. சிங்காரத்தின் நாவல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் ஈழத்திலிருந்து மேலை நாடுகளுக்குச் சென்றோரின் எழுத்தையே குறிக்கிறது. மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் விட்டு மலேயா, சுமத்ரா, பர்மா, இலங்கை ஆகிய இடங்களுக்குச் சென்றோரின் வாழ்வு அச்சொல்லின் எல்லைக்குள் எளிதில் வருவதில்லை. அவர்கள் பின்னே விட்டுச் சென்ற பெண்களின் வாழ்வு முற்றிலும் வெளியே நிற்கிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரு நாவல்களிலும் பெண்கள் எங்கு இடம்பெறுகின்றனர், எங்கு இடம்பெறவில்லை என்பதை வணிக வழக்கோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத் தொழிலாளர் பற்றிய புனைவுகளும், மதுரையில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் ஜெயந்தி சங்கரின் எழுத்தும் ஒப்புநோக்குக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, பொருள்வயிற் பிரிவு, லேவாதேவி, ப. சிங்காரம், மதுரை, பெண், தோட்டத் தொழிலாளர்.

முன்னுரை

புலம்பெயர்வு என்பது பெயர்ந்தவர் கதை என்றே கொள்ளப்பட்டு வருகிறது. கப்பலேறியவர், எல்லை தாண்டியவர், அயல்மண்ணில் மொழி தடுமாறியவர் ஆகியோரே அதன் மாந்தர்கள். இவ்வரையறை ஈழப் புலம்பெயர்வுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே குடும்பங்களாகவும் மக்கள் பெயர்ந்தனர், பெண்களும் எழுதினர். 1986-இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கவிஞர் தொகுப்பு தொடங்கி வைத்த ஒரு மரபு, புலம்பெயர் நாடுகளிலும் தொடர்ந்தது. ஆயின் மதுரைச் சமவெளியின் பெயர்வு அவ்வாறு நிகழவில்லை. மேலூர், சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி எனக் கிழக்கு நோக்கி நீளும் நிலப்பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கடல் கடந்தவருள் வணிகமும் கணக்கும் பார்க்கச் சென்றோர் ஆடவரே. பெண்கள் ஊரில் இருந்தனர். பெயர்வின் விளைவு இருவர் வாழ்விலும் படிந்தது. எழுத்தில் பதிவானதோ ஒருவர் வாழ்வு மட்டுமே.

இந்த ஒருபக்கப் பதிவை ஆசிரியர் ஒருவரின் குறைபாடாகக் காண்பது எளிது. அவ்வாறு கண்டு, ‘பெண் பாத்திரங்கள் முழுமை பெறவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் கட்டுரைகளும் உண்டு. பெண்ணின் இன்மை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்னும் வினாவே பயனுடையது. அவ்வினாவுக்கு விடை தேடும்போது இலக்கண நூலொன்றின் பழைய விதி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

இலக்கண விதியும் வணிக வழக்கும்

கடல்வழிச் செல்லும் பிரிவு பெண்ணை உடன்கொண்டு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. இதனைக் கலத்திற் பிரிவுக்கு உரியதாகவே இளம்பூரணர் கொண்டார். நச்சினார்க்கினியரோ கடல் என்னும் பொருளை விடுத்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைத் தன்மையால் நிகழும் பிரிவுகளைக் குறிப்பதாக உரைத்தார். எவ்வுரையை ஏற்பினும் விதியின் சாரம் மாறுவதில்லை: பொருள் தேடும் வழி ஆணுக்கு, காத்திருக்கும் காலம் பெண்ணுக்கு. அகப்பாடல்களில் தலைவியின் காத்திருப்பு உயர்ந்த இலக்கியப் பொருளாயிற்று. அவள் காத்திருந்த நாட்களில் செய்த வேலை, நடத்திய குடும்பம், பட்ட கடன் ஆகியன பாடுபொருளாகவில்லை என்பதையும் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

நிலவழிக்கு இவ்விதி இல்லை என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. இழந்த பொருளை ஈட்டப் புகாரிலிருந்து மதுரைக்கு வந்த கோவலன் கண்ணகியையும் உடன் அழைத்து வந்தான். மதுரை பற்றிய பேரிலக்கியத்தின் தலைவி அந்நகருக்குப் புதியவள். உறவினர் எவருமில்லாமல் ஆயர்சேரியில் மாதரியின் அடைக்கலமாய்த் தங்கியவள். அந்நகரில் கண்ணகி தன் கணவனின் நேர்மையை நிறுவக் கையில் வைத்திருந்த ஒரே சான்று ஒரு சிலம்பு. புதிய ஊரில் ஆவணம் ஒன்றைக் காட்டித் தம் நிலையை மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடி இன்றைய குடிபெயர்ந்தோருக்கு மட்டும் உரியதன்று. கண்ணகி கற்பின் தெய்வமாகப் படிக்கப்பட்ட அளவுக்கு, பெயர்ந்து வந்த பெண்ணாகப் படிக்கப்படவில்லை.

கடல்வழி விதி இலக்கண நூலோடு நின்றுவிடவில்லை. வணிக ஒழுங்காகவே அது பிற்காலத்தில் நிலைபெற்றது. இலக்கண விதியைப் படித்து வணிகர் அவ்வாறு நடந்தனர் என்பது பொருளன்று. ஒரே சமூக அமைப்பு இருவேறு காலங்களில் ஒரே வகை விதியை ஈன்றது என்பதே பொருத்தம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா ஆகிய நாடுகளில் நடத்திய லேவாதேவிக் கடைகளில் முகவராகவும் கணக்கராகவும் சென்றவர் பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்குச் சென்றனர். கணக்கு முடித்து ஊர் திரும்பிச் சிலகாலம் குடும்பத்தோடு இருந்து மீண்டும் கப்பலேறினர். ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று செட்டிநாட்டுப் பேச்சில் இதற்குப் பெயர். கடையும் தங்குமிடமும் ஒன்றேயான கிட்டங்கியில் பல மார்க்காக்களின் ஆட்கள் சேர்ந்து வாழ்ந்தனர். ஆளுக்கொரு கைப்பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்குமேசை, சமையலுக்கும் ஆடவரே. மனைவியை அழைத்துவர அந்த அமைப்பில் இடமும் இல்லை, வழக்கமும் இல்லை. இல்லறம் ஊரில், தொழில் அக்கரையில் என்று வாழ்க்கை இரண்டாக வகுக்கப்பட்டது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் அக்கரைப் பணத்தில் எழுந்தவை. அவற்றை ஆண்டு முழுதும் ஆண்டவர்கள் ஆச்சிமார்கள். அவ்வீடுகளைப் பற்றிக் கட்டடக் கலை நோக்கில் எழுதப்பட்ட அளவுக்கு, பெண்கள் நெடுங்காலம் தனித்து நடத்திய குடும்ப நிறுவனங்களாக அவை எழுதப்படவில்லை.

சிங்காரத்தின் இரு நாவல்கள்

இவ்வணிக உலகை உள்ளிருந்து கண்டு எழுதிய தமிழ் நாவலாசிரியர் ப. சிங்காரம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், மதுரைக்கு வடகிழக்கே உள்ள சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தார். 1938-இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றார். போர்க்காலத்தை அங்கே கழித்து 1946-இல் திரும்பினார். 1947 முதல் மதுரை ‘தினத்தந்தி’யில் பணியாற்றி, மதுரையிலேயே தனியராக வாழ்ந்து 1997-இல் மறைந்தார். அக்கரையில் மணந்த மனைவி அங்கேயே பிரசவத்தில் இறந்தார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்புகள் தரும் செய்தி. வாழ்க்கைச் செய்தியைப் புனைவுக்குத் திறவுகோலாக்குவது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று. எனினும் கடலுக்கு அப்பால் குடும்பம் என்பது அவருக்கு வெறும் கற்பனைப் பொருளாக இருந்திருக்க இயலாது என்ற அளவில் அதனைக் கருதலாம்.

‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. இரண்டும் அச்சாகும் முன் பல ஆண்டுகள் காத்திருந்தவை. வெளிவந்த பின்னும் நெடுங்காலம் போதிய வாசகர் கவனம் பெறாதவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியா, அங்கு வாழ்ந்த தமிழ்ப் பணியாளர், இந்திய தேசிய ராணுவம் ஆகியன இரண்டுக்கும் பொதுக்களம். பெண்கள் இடம்பெறும் முறையிலோ இரண்டும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

மரகதம்: கடையின் வாரிசுரிமையும் பெண்ணின் மணமும்

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் தனித்தன்மை, வட்டிக்கடை உலகுக்குள் ஒரு குடும்பத்தைக் கொண்டு வந்து வைப்பதில் உள்ளது. ‘வானாயீனா’ என மார்க்காவால் அழைக்கப்படும் வயிரமுத்துப் பிள்ளை பினாங்கில் லேவாதேவித் தொழில் செய்பவர். மனைவி காமாட்சியம்மாளும் மகள் மரகதமும் அவரோடு அங்கே வாழ்கின்றனர். பெரும்பாலான தமிழ்க் கணக்கர்களுக்குக் கிட்டாத நிலை இது. விதியை மீறிக் கடல் கடந்த பெண்கள் இருவர் இங்கே உள்ளனர். எனவே, கடல் கடந்த பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்னும் வினாவுக்கு இந்நாவல் நேரடியாக விடை தருகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசினர். அத்தாக்குதலில் வயிரமுத்துப் பிள்ளையின் மகன் வடிவேலு இறக்கிறான். அவரது கடையில் பணியாற்றிய செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபின் படை கலைகிறது. செல்லையா பினாங்குக்குத் திரும்புகிறான். செல்லையாவும் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். தந்தை மறுக்கிறார். காதலர் இணையாமலேயே நாவல் முடிகிறது.

இம்மறுப்பின் காரணம் நுணுகி நோக்கத்தக்கது. தமிழ் நாவல்களில் காதலுக்கு வழக்கமாகத் தடையாகும் சாதி வேறுபாடோ செல்வ வேறுபாடோ இங்கு முதற்காரணம் அன்று. செல்லையா ஒருகாலத்தில் முதலாளியின் நன்மதிப்பைப் பெற்ற பணியாளன். துப்பாக்கி ஏந்தியவன் வட்டித்தொழிலுக்கு இனி உதவமாட்டான் என்பதே வயிரமுத்துப் பிள்ளையின் முடிவு. வட்டித்தொழிலுக்குப் பணிவு வேண்டும், பொறுமை வேண்டும், கடனாளியின் வாசலில் நிற்கத் தெரிய வேண்டும். பட்டாளம் அவற்றைக் கெடுத்துவிட்டது என்று அவர் கருதுகிறார். மறுப்பில் கொடுமை இல்லை; ஒரு தொழிலாளுநரின் கணக்கு உள்ளது.

மகன் உயிரோடு இருந்திருந்தால் கடைக்கு வாரிசு அவனே. அப்போது மரகதத்தின் மணம் ஒரு குடும்ப நிகழ்வாக மட்டும் இருந்திருக்கும். வடிவேலு இறந்தபின், கடை அடுத்த தலைமுறைக்குச் செல்லும் ஒரே வழி மரகதம். அவள் கணவனாக வருபவன் மருமகன் மட்டுமல்லன். மார்க்காவைத் தாங்க வேண்டியவனும் அவனே. போர் பறித்துக்கொண்ட ஆண் வாரிசின் இடத்தை நிரப்பும் பொறுப்பு, அவளது இசைவு கேட்கப்படாமலேயே, அவள் மணத்தின்மீது ஏற்றப்படுகிறது. இந்நாவலை ஓர் ஆணின் காதல் தோல்வியாகவும் அதனைக் கடந்து செல்லும் மன உறுதியாகவும் படிக்கும் வாசிப்புகள், அவ்வாசிப்புகளில் நியாயம் இருப்பினும், இந்தக் கணக்கைக் காணத் தவறுகின்றன. குண்டு விழுந்த நாளிலேயே மரகதத்தின் மணவாழ்வு முடிவாகிவிட்டது எனலாம்.

மரகதம் பினாங்கில் வாழ்கிறாள். சீனரும் மலாயரும் தமிழரும் நெருங்கி வாழும் தீவு நகரம் அது. ஆனால் யாரை மணப்பது, யாரோடு பேசுவது, எதுவரை வெளியே செல்வது என்பவற்றை ஊர் வழக்கே தீர்மானிக்கிறது. ஆணுக்குக் கடல் கடந்ததும் வேறு வாழ்க்கை திறக்கிறது. செல்லையா கணக்கனாகச் சென்று படைவீரனாகி, அதிகாரியாகி, மீண்டும் வேலையற்றவனாகிறான். பெயர்வு அவனை மாற்றுகிறது. மரகதத்துக்கு அவ்வாறு மாற இடமில்லை. அவளைப் பொறுத்தவரை கடல் கடந்தது குடும்பம்தான், அவளல்லள். அயல்நாட்டில் வாழும் பெண் பண்பாட்டின் காவலாளாக நிறுத்தப்படுகிறாள் என்று இக்கால ஆய்வுகள் கூறுவதை, 1950-களிலேயே எழுதப்பட்ட இந்நாவல் எவ்விதக் கோட்பாட்டு மொழியும் இன்றிக் காட்டிவிடுகிறது.

அதே வேளையில் நாவலின் எல்லையும் சுட்டப்பட வேண்டும். பிரிவுக்குப் பின் ஆசிரியரின் கவனம் செல்லையாவின் உள்ளத்திலேயே நிற்கிறது. அவனுக்குத் தத்துவம் பேசத் துணையாக மாணிக்கம் இருக்கிறான். மரகதத்துக்கு அத்தகைய ஒரு துணைப்பாத்திரம் இல்லை. அவள் துயரைக் கேட்க ஒரு தோழியையேனும் ஆசிரியர் படைக்கவில்லை. அகமரபில் தலைவிக்குத் தோழி இன்றியமையாதவள் என்பதை எண்ணும்போது இந்த இன்மை உறுத்தவே செய்கிறது. பினாங்கில் அன்று தமிழ் ஆடவரைவிடத் தமிழ்ப் பெண்கள் குறைவு என்னும் வரலாற்று உண்மையும் இதன்பின் உண்டு. தோழியில்லாத் தலைவி என்பது அந்தப் பெயர்வு உருவாக்கிய புதிய நிலை. ஆசிரியர் அதை உணர்ந்து எழுதினார் என்று கூறுவதற்கு நாவலில் இடமில்லை. நாவலின் கட்டமைப்பு தானே அதனைக் காட்டிவிடுகிறது.

நினைவில் ஊர்

‘புயலிலே ஒரு தோணி’யில் குடும்பம் இல்லை. 1942-இல் ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழையும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. பாண்டியன் தொங்கானில் கடல் கடந்து பினாங்கு சேர்கிறான். பின் படை, தலைமறைவுச் செயல்கள், இந்தோனேசிய விடுதலைப் போர், இறுதியில் ஊர் திரும்ப விழைந்த நிலையில் மரணம் என அவன் வாழ்வு விரைகிறது. மலாய், டச்சு, சீனச் சொற்கள் தமிழோடு இயல்பாகக் கலந்து வரும் இந்நாவலின் மொழி பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அது முழுக்கவும் ஆடவர் கூடும் இடங்களின் மொழி என்பது மட்டும் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. கடை, மதுக்கூடம், படைமுகாம், கப்பல்தளம் ஆகிய இடங்களே நாவலின் வெளிகள். உரையாடல்கள் இங்குதான் நிகழ்கின்றன. தமிழ்ப் பெருமிதங்களைக் கேலிக்குள்ளாக்கும் புகழ்பெற்ற ‘தமிழ்ப் பேரவை’ப் பகுதியும் ஆடவர் அவையே. பெண்கள் அவ்வெளிகளின் ஓரங்களில், பெரும்பாலும் துறைமுக நகரத்து விலைமகளிராக, வந்து செல்கின்றனர்.

பாண்டியனின் நினைவில் இரு ஊர்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன: சிறு வயது கழிந்த சின்னமங்கலமும் இளமை கழிந்த மதுரையும். அயல்மண்ணின் அலைச்சலுக்கு நடுவே மதுரைத் தெருக்கள் வரிசையாக நினைவில் விரியும் பகுதிகள் தமிழ்ப் புனைவில் அந்நகருக்குக் கிடைத்த சிறந்த சித்திரங்களுள் அடங்கும். அச்சித்திரத்தில் கடை உண்டு, தெரு உண்டு, இரவு உண்டு, நகரின் விலைமகளிர் உண்டு. வீட்டுக்குள்ளிருந்து காணப்படும் மதுரை இல்லை. அக்கரையில் இருப்பவனின் ஏக்கம் ஊரின் பொதுவெளிகளையே நாடுகிறது. அவன் அங்கே இல்லாததால் எவருடைய வாழ்வு எவ்வாறு மாறியது என்னும் எண்ணம் அந்த ஏக்கத்துள் அரிதாகவே நுழைகிறது. பிறந்தகம் பற்றிய ஏக்கம் புலம்பெயர் இலக்கியத்தின் பொதுப்பண்பு என்று எழுதும் ஆய்வாளர்கள், அந்த ஏக்கத்துக்கும் பால் வேறுபாடு உண்டு என்பதை இந்நாவலைக் கொண்டு விளக்கலாம்.

ஆகவே இரு நாவல்களும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. முன்னது, விதியை மீறி அக்கரை சேர்ந்த பெண்ணுக்கு ஊர் எவ்வாறு பின்தொடர்ந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. பின்னது, விதி முழுமையாகச் செயற்படும்போது ஆடவர் உலகம் எவ்வாறு இருக்கும் என்பதைக் காட்டுகிறது. பின்னதையே கலைவடிவில் மேலானதாகக் கொள்வது பொது மதிப்பீடு. பெண் வாழ்வு பற்றிய ஆய்வுக்கு முன்னதே பெருந்துணை.

தோட்டத்துக்குச் சென்றவள்

கடல்வழியில் பெண் இல்லை என்னும் விதி எல்லோருக்கும் உரியதாக இருந்ததா? இல்லை என்பதற்குத் தோட்டத் தொழிலாளரின் வரலாறே விடை. கங்காணி முறையில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவருள் பெண்கள் பெருந்தொகையினர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை பெண்ணின் கையை நம்பி நின்றது. குடும்பமாக ஆள் பிடிப்பதே கங்காணிக்கு ஆதாயம். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்குமுன், மன்னார்க் கரையிலிறங்கிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தோருள் குழந்தையைச் சுமந்த பெண்களும் இருந்தனர். பின்னர் மண்டபம் முகாமின் மருத்துவச் சோதனையைக் கடந்து சென்றோருள்ளும் அவர்கள் உண்டு. கடல் கடப்பதைத் தடுத்த வழக்கு, உடைமையும் குலப்பெருமையும் உடைய குடும்பங்களின் வழக்கு. கூலியாகச் சென்றவளின் கற்பையோ பெருமையையோ காக்க எந்த வழக்கும் முன்வரவில்லை.

இவ்வகைப் பெயர்வு பற்றி எழுதியோர் பெண்ணை மையத்தில் வைத்தது தற்செயலன்று. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களுக்காகப் பாரதி பாடினார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மருதி என்னும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கதை. ஊரின் சாதிக் கொடுமையிலிருந்து தப்பியவள் தோட்டத்தின் அதிகாரக் கொடுமையில் விழுகிறாள். கோகிலம் சுப்பையா 1964-இல் எழுதி வெளியிட்ட ‘தூரத்துப் பச்சை’ வள்ளி என்னும் பெண்ணின் வாழ்வைச் சிறுமிப் பருவத்திலிருந்து தொடர்கிறது. பின்னர் ஆசிரியரே அதனை ‘மிராஜ்’ என ஆங்கிலத்தில் தந்தார். அதே 1964 அக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப வகை செய்தது. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வள்ளியின் தலைமுறை போன வழி, அவளைப் பற்றிய நாவல் வெளிவந்த ஆண்டிலேயே இல்லாமற்போயிற்று.

மருதியையும் வள்ளியையும் மரகதத்தின் அருகில் வைத்துப் படிக்கும் முயற்சி பெரிதும் நிகழவில்லை. மலையக இலக்கியம் ஒரு பிரிவு, மலேயா பற்றிய தமிழக எழுத்து வேறொரு பிரிவு எனப் பாடத்திட்டங்கள் வகுத்துள்ளமையே காரணம். அருகில் வைத்தால் ஒன்று தெளிவாகும். உடைமைக் குடும்பத்துப் பெண் அக்கரையிலும் ஊருக்குள்ளேயே வைக்கப்படுகிறாள். கூலிக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஊரின் பாதுகாப்பு ஊரிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. பெண்ணின் புலம்பெயர் அனுபவம் என ஒன்றை மட்டும் பொதுமைப்படுத்திப் பேசுவது இவ்விடத்தில் இயலாததாகிறது.

மதுரையிலிருந்து சிங்கப்பூர்

சிங்காரம் மதுரையில் வாழ்ந்த இறுதிப் பத்தாண்டில் வேறொரு பெயர்வு தொடங்கியிருந்தது. 1964-இல் மதுரையில் பிறந்த ஜெயந்தி சங்கர் 1990-இல் சிங்கப்பூரில் குடியேறினார். சிறுகதை, நாவல், கட்டுரை, மொழிபெயர்ப்பு என எழுதி வருகிறார். பெண் இங்கே எழுதப்படுபவள் மட்டுமல்லள், எழுதுபவளும் ஆகிறாள். இம்மாற்றம் எல்லாரும் கூறுவது. அதனினும் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு.

சீனப் பெண்களின் வாழ்வையும் வரலாற்றையும் கூறும் ‘பெருஞ்சுவருக்குப் பின்னே’ ஜெயந்தி சங்கரின் நூல்களுள் ஒன்று. அயல்நாட்டில் வாழும் தமிழ் எழுத்தாளர் தம் இழப்பையும் ஏக்கத்தையும் எழுதுவது எதிர்பார்க்கத்தக்கது. பக்கத்து வீட்டில் வாழும் வேற்றினப் பெண்ணின் பாட்டியும் பூட்டியும் எவ்வாறு வாழ்ந்தனர் என்று வரலாற்றுக்குள் சென்று தேடித் தமிழில் எழுதுவது எதிர்பாராதது. சிங்காரத்தின் துறைமுகங்களிலும் சீனர் உண்டு. ஆடவர் கண்ணுக்கு அவர்கள் கடைக்காரர், கூலி, கூட்டாளி, எதிரி. சீன வீட்டின் அகம் அந்தக் கண்ணுக்கு எட்டவில்லை. பெண்ணின் கண் அகத்துக்குள் செல்ல முடிந்ததற்குப் பெண் என்பது மட்டும் காரணமன்று, வாழ்விடமும் காரணம். கிட்டங்கியில் தமிழர் தமிழரோடு வாழ்ந்தனர். சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அரசின் இன ஒதுக்கீட்டு விதி ஒரே கட்டடத்தில் சீனரையும் மலாயரையும் இந்தியரையும் அண்டை வீட்டாராக வைத்துள்ளது. பண்பாடுகளுக்கிடையிலான அறிமுகம் இங்கே நல்லெண்ணத்தால் மட்டும் விளையவில்லை. மின்தூக்கியும் பொதுத் தாழ்வாரமும் அதற்கு வழி வகுத்தன.

இந்நூல் புனைவன்று என்பதால் இலக்கிய ஆய்வுகள் பொதுவாக இதனைத் தொடுவதில்லை. அவை கதைகளையும் நாவல்களையுமே எடுத்துக்கொள்கின்றன. தமிழில் வேற்றுப் பண்பாட்டுப் பெண்ணைப் பற்றிய அறிவை உருவாக்கும் எழுத்து எவ்வகைமையில் வந்தாலும் அது புலம்பெயர்வின் விளைவே. புனைவுக்கு அளிக்கும் முதன்மையால் இத்தகைய நூல்கள் ஆய்வுக்கு வெளியே நிற்பது இழப்பு.

மதுரைக்கு வந்தவர்கள்

மதுரை ஆட்களை அனுப்பிய இடம் மட்டுமன்று. வந்து சேர்ந்த இடமும் ஆகும். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோருக்காக அமைந்த முகாம்கள் மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் உள்ளன. 2021-இல் தமிழக அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. தமிழக முகாம் வாழ்வை உள்ளிருந்து எழுதிய தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’ 2007-இல் வந்தது. மன்னாரிலிருந்து கடல் கடந்து வந்த ஓர் ஆணின் தன்வரலாறு அது. முகாமில் பிறந்து வளர்ந்து மணம் முடித்துத் தாயான பெண்கள் இன்று பலர். அவர்களுள் ஒருவரின் தன்வரலாறு அதற்கு இணையாகப் படிக்கப்படும் நிலை இன்னும் வரவில்லை. கண்ணகி அடைக்கலம் புகுந்த நகருக்கு அண்மையில் இருக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இது தொலைவிலுள்ள கள ஆய்வன்று; நகரப் பேருந்தில் சென்று சேரும் தொலைவுதான்.

கரையில் நின்றவளைப் பற்றிய சான்றுகள்

எஞ்சியிருப்பவள் ஊரிலேயே இருந்தவள். அவளைப் பற்றி நாவல் எழுதப்படவில்லை என்பதால் சான்றே இல்லை என்பதில்லை. கிழக்குச் சமவெளியின் தாலாட்டுகளிலும் ஒப்பாரிகளிலும் ரங்கூன், பினாங்கு, கண்டிச்சீமை ஆகிய பெயர்கள் வருகின்றன. நாட்டுப்புறவியல் தொகுப்பாளர்கள் இப்பெயர்களைப் பாடலின் காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தியுள்ளனர். பாடிய பெண்ணின் பெயர்வு பற்றிய அறிவாக அவற்றைக் கருதியது குறைவு. கணவனோ மாமனோ தந்தையோ சென்ற ஊரின் பெயரைத் தான் காணாமலேயே தன் துயரச் சொல்லாக்கிக்கொண்டவள் அவள். அப்பெயர்கள் பாடலுள் எவ்விடத்தில் வருகின்றன, பெருமையாகவா பழியாகவா, சீர்வரிசையோடா சாவோடா என்று வகைப்படுத்தினாலே ஒரு முழு ஆய்வேட்டுக்கு இடம் உண்டு.

இரண்டாவது சான்று கடிதங்கள். அக்கரையிலிருந்து வந்த கடிதங்களைப் பல வீடுகளில் எழுத்தறிந்த வேறொருவர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. மனைவிக்கு எழுதியதும் மற்றவர் காதில் விழுந்தே அவளை அடைந்தது. பதில் கடிதமும் வேறொருவர் கையெழுத்தில் சென்றது. ஆகவே அக்கடிதங்களில் பணவிவரமும் நலவிசாரிப்பும் மிகுந்து, அந்தரங்கம் அடங்கியிருப்பதை அன்பின்மையாகக் கொள்ளலாகாது. மரகதத்துக்குத் தோழி இல்லாதது போல, ஊரில் இருந்தவளுக்குத் தனிமையும் இல்லை. அவள் பிரிவு கூட்டத்தின் நடுவே கழிந்தது. செட்டிநாட்டு வீடுகள் பல விற்கப்பட்டு, கதவும் தூணும் பழம்பொருட் கடைகளுக்குச் செல்கின்றன. அவ்வீடுகளின் பேரேடுகளும் கடிதக்கட்டுகளும் எடைக்குப் போவதற்குமுன் அவற்றுள் பெண்களுக்கு எழுதப்பட்டவற்றையும், பெண்கள் பெயரில் எழுதப்பட்டவற்றையும் பிரித்துப் படியெடுக்கும் பணி, மேலூர் தொடங்கிக் காரைக்குடி வரையுள்ள ஊர்களில் இப்போதே தொடங்கப்பட வேண்டியுள்ளது. அக்கடிதங்களைச் சிறுவயதில் தாய்க்கோ பாட்டிக்கோ படித்துக் காட்டியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.